பன்னிரு கால அட்டவணையும் இருமொழி மாணவரும்: சித்தூர், திருப்பதி வழக்கை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆங்கில வினைச்சொற்களின் காலத்தைத் தமிழ் மாணவர்க்குக் கற்பிக்க எழுந்த கையேடுகள் பெரும்பாலும் ஓர் அட்டவணையையே அடிப்படையாகக் கொள்கின்றன. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னும் மூன்றும் ஒருபுறம். எளிமை, தொடர்ச்சி, நிறைவு, நிறைவுத் தொடர்ச்சி என்னும் நான்கும் மறுபுறம். இரண்டையும் பெருக்கப் பன்னிரண்டு கட்டங்கள் கிடைக்கின்றன. ரென், மார்ட்டின் ஆகிய இருவரின் ஆங்கில இலக்கண நூல் 1930களில் வெளிவந்து இந்தியப் பள்ளிகளில் நிலைபெற்ற பின்னர், இப்பகுப்பு ஐயத்திற்கு இடமற்றதாகவே கொள்ளப்பட்டுவிட்டது. கையேட்டாசிரியருக்கு எஞ்சிய பணி ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தமிழ் வினைமுற்றை நிரப்புவது மட்டுமே. தெலுங்கில் எழுந்த கையேடுகளும் இதனையே செய்கின்றன. இந்நிரப்புதல் எங்கே பொருந்துகிறது, எங்கே மாணவனைத் தவறான வழியில் செலுத்துகிறது என்பதை, தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியின் வழக்கைக் கொண்டு ஆராய்வது தகும். ஒரு மொழியை மட்டும் வைத்து நோக்கும்போது மறைந்து நிற்கும் பிழை, இரு மொழிகளை அருகருகே வைக்கும்போது தானே வெளிப்படுகிறது.

இப்பகுதியின் இருமொழித் தன்மை புதியதன்று. தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வேங்கடத்தை வட எல்லையாகக் கூறுகிறது. திருமலைக் கோயிற் கல்வெட்டுகளுட் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. 1911ஆம் ஆண்டில் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளை இணைத்துச் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி தமிழகத்திற்கு மாற்றப்பட்டது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் இவ்வாறு இடம் மாறினாலும் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் முதலிய ஊர்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பேசும் சிறுவர் இன்றும் உளர். இவர்கள் மூன்றாவதாக ஆங்கிலத்தைக் கற்கின்றனர்.

காலமும் வினைக்காலமும்

முதற்கண் ஒரு சொற்குழப்பத்தைக் களைய வேண்டும். பொழுதைக் குறிக்க 'டைம்' என்றும், வினையின் வடிவத்தைக் குறிக்க 'டென்ஸ்' என்றும் ஆங்கிலம் இரு சொற்களை வைத்திருக்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் இவ்விரண்டிற்கும் காலம் என்பதே பெயர். இதனால் வினையின் வடிவம் எதுவோ அதுவே பொழுதும் என்னும் எண்ணம் மாணவனிடம் எளிதில் வேரூன்றுகிறது. ஓட்டோ எஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலில் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டினார். ராண்டால்ஃப் குவர்க்கும் அவருடன் மூவரும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணம், வடிவத்தை மட்டும் நோக்கினால் ஆங்கிலத்தில் இறந்தகாலம், நிகழ்காலம் என இரண்டே உண்டு என்றும் எதிர்காலம் என்றொரு தனி வினைவடிவம் இல்லை என்றும் கொண்டது. பன்னிரண்டு என்ற எண் அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது. கையேடுகள் இதனைக் கண்டுகொள்ளவில்லை.

வியப்பு யாதெனில், இவ்வேறுபாட்டைத் தமிழிலக்கணம் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தது. காலம் மூன்று என்று கூறும் தொல்காப்பியமே, மூன்று காலத்திற்கும் பொதுவாக நிற்கும் இயற்கைப் பொருளை எந்த வாய்பாட்டால் கூற வேண்டும் என்பதற்கும் விதி வகுக்கிறது. ஞாயிறு கிழக்கே உதிக்கும் என்று 'செய்யும்' வாய்பாட்டால் சொல்லுவதே மரபு. 'தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்' என்னும் ஆங்கிலத் தொடரின் வேலையும் இதுவே. ஆங்கிலத்தின் எளிய நிகழ்காலத்திற்கு இயல்பான இணை 'உதிக்கும்' என்பதே ஆக, அட்டவணையோ 'உதிக்கிறது' என்பதை அக்கட்டத்தில் வைத்து, 'உதிக்கும்' என்பதை எதிர்காலக் கட்டத்திற்குத் தள்ளிவிடுகிறது. விரைவு பற்றியும் தெளிவு பற்றியும் காலம் மயங்கி வருவதையும் தொல்காப்பியர் ஏற்றுக்கொண்டார். இன்னும் புறப்படாதவன் 'இதோ வந்துவிட்டேன்' என்பான். திருப்பதிக் கடைத்தெருவில் தெலுங்கு பேசுவோனும் அவ்வாறே 'வச்சேசானு' என இறந்தகாலத்தில் சொல்வான். ஆங்கிலேயன் 'ஐ ஆம் கமிங்' என்பான். பொழுது ஒன்று, வடிவங்கள் இரண்டு. நன்னூலைப் பயிலும் மாணவனுக்கு அதே ஆசிரியர் ஆங்கில வகுப்பில் இவ்வுண்மையை நினைவூட்டாமல் விடுவது வருந்தத்தக்கது.

'போ' என்னும் ஒரு வினை

தமிழுக்கும் தெலுங்கிற்கும் பொதுவான 'போ' என்னும் வினையை எடுத்துக்கொள்ளலாம். தமிழில் போனேன், போகிறேன், போவேன் என மூன்று முற்றுகள். தெலுங்கிலும் வடிவங்கள் மூன்று: போயானு, போதானு, போதுன்னானு. (பேச்சில் ஈறு குறைந்து போயா, போதா, போதுன்னா என ஒலிக்கும்.) எண்ணிக்கை ஒன்றாயினும் பங்கீடு ஒன்றன்று. தெலுங்கின் 'போதானு' நாள்தோறும் போகும் வழக்கத்தையும் நாளை போவதையும் ஒருங்கே குறிக்கும். இப்பொழுது போய்க்கொண்டிருப்பதைக் குறிக்க 'போதுன்னானு' என்னும் தனி வடிவம் உண்டு. இதன் ஈற்றில் இருப்பது 'உன்ன' என்னும் இருத்தல் வினை.

தமிழில் கோடு வேறிடத்தில் விழுகிறது. 'போகிறேன்' என்பது இப்பொழுது நிகழும் செயலுக்கும் வரும். 'நாள்தோறும் பள்ளிக்குப் போகிறேன்' என வழக்கத்திற்கும் வரும். 'போவேன்' என்பது எதிர்வுக்கும் வரும். 'மாலையில் கோயிலுக்குப் போவேன்' என வழக்கத்திற்கும் வரும். அதாவது வழக்கத்தைச் சொல்லத் தமிழனுக்கு இரு வழிகள். நடந்துகொண்டிருக்கும் செயலுக்கும் 'போகிறேன்', 'போய்க்கொண்டிருக்கிறேன்' என இரு வழிகள். ஆங்கிலம் இங்கே தெலுங்கை ஒத்தது. 'ஐ கோ' என்பது வழக்கம்; 'ஐ ஆம் கோயிங்' என்பது இப்போதைய நிகழ்வு.

இதன் விளைவை வகுப்பறையில் காணலாம். அட்டவணை 'ஐ கோ' என்பதற்கு நேராகப் 'போகிறேன்' என்பதை எழுதுகிறது. தெருவில் எதிர்ப்படும் தோழனை 'எங்கே போகிறாய்?' என்று கேட்க விரும்பும் தமிழ்ச் சிறுவன், அட்டவணையை நம்பி 'வேர் டூ யூ கோ?' என்கிறான். அதே சிறுவன் 'எக்கடிகி போதுன்னாவு?' என்ற தெலுங்குத் தொடரிலிருந்து தொடங்கியிருந்தால் 'வேர் ஆர் யூ கோயிங்?' என்பதைத் தவறின்றி அடைந்திருப்பான். மறுபுறம் 'அவர் காலையில் காப்பி குடிப்பார்' என்னும் தொடர் 'ஹி வில் டிரிங்க் காஃபி' என்று ஆகிவிடுகிறது. இங்குக் குறை மாணவனுடையதன்று. பன்னிரண்டு கட்டங்களையும் நிரப்பியாக வேண்டும் என்ற கையேட்டின் பிடிவாதத்தினுடையது.

நன்னூலார் நிகழ்கால இடைநிலைகளாக ஆநின்று, கின்று, கிறு என்னும் மூன்றைக் குறிப்பிடுகிறார். இவற்றுள் முதலாவதில் 'நில்' என்னும் வினை வெளிப்படையாகவே இருக்கிறது. செய்யாநின்றான் என்பது செய்துகொண்டு நின்றான் என்னும் கருத்தில் தோன்றியதாதல் வேண்டும். கின்று என்பதன் பிறப்புக் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் இது தொல்காப்பியத்தில் எடுத்தோதப்படாமையும் சங்கப் பாடல்களில் அருகியே வருவதும் நோக்கத்தக்கன. பழந்தமிழ் 'செய்யும்' என்பதைக் கொண்டே பெரும்பாலும் நிகழ்வையும் வழக்கத்தையும் உணர்த்திவந்தது. பின்னர் எழுந்த நிகழ்கால வடிவம் நடந்துகொண்டிருத்தலைச் சிறப்பாகச் சுட்டவே எழுந்தது எனக் கொள்ள இடமுண்டு. அவ்வாறாயின் 'போகிறேன்' என்பதற்கு முதல் இணை 'ஐ ஆம் கோயிங்' என்பதேயாகும். பிறமொழி அட்டவணைக்காக அதனை 'ஐ கோ' என்பதோடு கட்டிவைத்தது வரலாற்றுக்கும் மாறானது.

ஒரு பிழையை மட்டும் இரு தாய்மொழிகளின் மீதும் சுமத்தக்கூடாது. 'ஐ ஆம் நோயிங்' என்பது இந்திய ஆங்கிலத்தின் அடையாளமாகவே எள்ளப்படுகிறது. தமிழில் 'தெரியும்' என்பது செய்யும் என்னும் வாய்பாடு; தெலுங்கில் 'தெலுசு' என்பது தொடர்ச்சி வடிவமே ஏற்பதில்லை. இரண்டிலும் இல்லாத பிழைக்கு வேர் பயிற்சி முறையில் இருத்தல் கூடும். கதவை நோக்கி நடந்துகொண்டே 'ஐ ஆம் வாக்கிங்' என்று ஆசிரியர் நடித்துக் காட்டுதற்கு எளிது. 'ஐ நோ' என்பதை நடித்துக் காட்ட இயலாது. எளிதாகக் காட்டப்பட்ட வடிவம் எல்லை மீறிப் பரவிவிட்டது.

நிறைவும் பழைய வழக்கமும்

தொடர்ச்சியில் தெலுங்கு துணை செய்வது போல நிறைவில் தமிழ் துணை செய்கிறது. 'ஹி ஹேஸ் கம்' என்பதற்கு 'வந்திருக்கிறான்' என்பது கச்சிதமாகப் பொருந்தும். 'ஹி ஹேட் கம்' என்பதற்கு 'வந்திருந்தான்'. தெலுங்கில் 'வச்சி உன்னாடு' என்னும் வடிவம் இருப்பினும் நாள்வழக்கில் 'வச்சாடு' என்னும் எளிய இறந்தகாலமே இரு பொருளுக்கும் போதுமானதாக உள்ளது. எனவே தெலுங்கின் வழியாக மட்டும் ஆங்கிலம் கற்பவனுக்கு 'ஹி கேம்', 'ஹி ஹேஸ் கம்' என்பவற்றின் வேறுபாடு நெடுநாள் பிடிபடுவதில்லை.

ஆயின் தமிழின் உதவியிலும் ஒரு பள்ளம் உண்டு. 'நேற்று வந்திருக்கிறான்' என்று தமிழில் சொல்லலாம். நேரிற் காணாமல் அடையாளத்தால் அறிந்ததை உணர்த்த அவ்வடிவம் பயன்படுகிறது. ஆங்கில நிறைவு வடிவமோ 'யெஸ்டர்டே' என்பதைப் பொதுவாக ஏற்காது. 'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே' என்னும் தொடர் இவ்வகையில் தமிழின் நிழலாகும்.

இனி, கால அளவைச் சொல்லும் முறை. தமிழில் 'மூன்று ஆண்டுகளாக' என்பது அளவு. 'தொண்ணூறிலிருந்து' என்பது தொடக்கப் புள்ளி. ஆங்கிலத்தின் 'ஃபார்', 'சின்ஸ்' என்பவற்றை இவை அப்படியே ஒத்தன. தெலுங்கிலும் 'மூடேள்ளுகா' என்று அளவைத் தனித்துச் சொல்லலாம். எனினும் 'நுஞ்சி' என்னும் நீங்கற்பொருள் சொல் அளவு, தொடக்கம் ஆகிய இரண்டினுடனும் தடையின்றி வழங்குகிறது. 'மூடேள்ள நுஞ்சி திருப்பதிலோ உன்னானு' என்பதிலிருந்து 'ஐ ஆம் இன் திருப்பதி சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்னும் தொடர் பிறக்கிறது. இத்தொடரில் இரு பிழைகள் உள்ளன. 'சின்ஸ்' என்பதனைத் தமிழ் திருத்தும். 'ஆம்' என்பதனைத் திருத்தாது. 'மூன்று ஆண்டுகளாகத் திருப்பதியில் இருக்கிறேன்' என்று தமிழும் நிகழ்காலத்தையே ஆள்கிறது. 'ஹேவ் பீன்' என்னும் வடிவத்தை இவ்விடத்தில் ஆங்கிலத்திற்கே உரியதெனத் தனியே கற்பிப்பதன்றி வேறு வழியில்லை. எது தாய்மொழியிலிருந்து கிடைக்கும், எது கிடைக்காது என்று பிரித்தறிவிப்பதே கையேட்டின் கடமை. பன்னிரண்டு கட்டங்களையும் ஒரே தன்மையனவாகக் காட்டும் அட்டவணை இதனைச் செய்ய வல்லதன்று.

பழைய வழக்கத்தைச் சொல்லும்போது துணை மீண்டும் தெலுங்கிற்கு மாறுகிறது. 'அந்தக் காலத்தில் திருமலைக்கு நடந்தே போவார்கள்' என்பது தமிழ். முற்று எதிர்கால வடிவம், பொருள் இறந்தகாலம். இதனை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதை அட்டவணை சொல்லாது. தெலுங்கில் 'போயேவாள்ளு' என இதற்கென்றே ஒரு வடிவம் உண்டு. ஆங்கிலத்தின் 'யூஸ்ட் டு கோ' என்பதற்கு இதைவிட நெருங்கிய இணை தேவையில்லை. தெலுங்கை அறிந்த தமிழ்ச் சிறுவனிடம் ஆசிரியர் 'போயேவாள்ளு' என்று ஒருமுறை சொன்னால் அரைமணி நேர விளக்கம் மிச்சமாகும்.

மணி சொல்லும் முறை

வினைக்காலத்தை விட்டுக் கடிகாரத்தை நோக்கினால் ஒற்றுமைகளே முதலில் கண்ணிற் படும். தமிழில் மணி, தெலுங்கில் கண்ட. இரண்டும் ஒலிக்கும் பொருளின் பெயர்கள். கண்டாமணி என்னும் தமிழ்ச்சொல் இரண்டையும் ஒருங்கே கொண்டது. இருபத்துநான்கு நிமிடம் கொண்ட நாழிகை தெலுங்கில் கடிய எனப்படும், நாளொன்றுக்கு அறுபது. கடிகாரம், கடியாரமு என்பன அச்சொல்வழிப் பிறந்தவை. சாமமும் ஜாமுவும் மும்மணி நேரத்தைக் குறித்தவை. விடியற்காலையைத் தெலுங்கர் இன்றும் தெல்லவாருஜாமு என்பர்.

வேறுபாடு நுட்பமான இடத்தில் இருக்கிறது. 10.45 என்பதைத் தமிழர் பத்தேமுக்கால் என்பர். கடந்த மணியோடு கூட்டிச் சொல்வதே தமிழின் முறை: பத்தேகால், பத்தரை, பத்தேமுக்கால். ஆங்கிலத்தில் 'குவார்ட்டர் டு லெவன்' என வரும் மணியிலிருந்து கழிக்க வேண்டும். தெலுங்கில் இரு முறையும் உண்டு. 'பாவு தக்குவ பதகொண்டு', அதாவது கால் குறையப் பதினொன்று, என்பது ஆங்கிலத் தொடருக்கு நேர். (ஜெர்மன் மொழியில் பத்தரையையே பாதிப் பதினொன்று என்பர் என்பதும் ஒப்புநோக்கத்தக்கது.) தமிழ்ச் சிறுவன் முதலில் 'குவார்ட்டர் டு லெவன்' என்பதைப் பதினொன்றேகால் என்று எண்ணுவது இதனால்தான், தெலுங்குத் தொடரை நினைவூட்டினால் தடுமாற்றம் நீங்கும்.

மணி என்பதற்கும் மணி நேரம் என்பதற்கும் தமிழில் உள்ள பிரிவு தெலுங்கில் வேற்றுமையுருபால்தான் விளங்கும். 'ரெண்டு கண்டலகு' என்றால் இரண்டு மணிக்கு. 'ரெண்டு கண்டல்லோ' என்றால் இரண்டு மணி நேரத்தில். ஆங்கிலத்தின் 'இன் டூ அவர்ஸ்' என்பது அவ்வளவு நேரம் கழித்து என்றும் பொருள்படும் என்பதை இரு மொழியினரும் தனியே கற்றாக வேண்டும்.

திருப்பதிக்கு வருவோரை மயங்கச் செய்யும் மற்றொன்று நள்ளிரவு. ஆங்கில நாள் நள்ளிரவில் மாறுவது. மரபுவழி நாள் ஞாயிறு எழுகையில் தொடங்குவது. விடியுமுன் நிகழும் சுப்ரபாத சேவைக்கு வெள்ளிக்கிழமை என்று சீட்டில் அச்சிட்டிருந்தால், பேச்சுத் தமிழில் 'வியாழன் ராத்திரி' என்று சொல்லப்படும் பொழுதிலேயே அடியார் வரிசைக்கு வந்தாக வேண்டும். 'யெஸ்டர்டே நைட்' என்னும் இந்திய ஆங்கிலத் தொடர் 'நேற்று இரவு', 'நின்ன ராத்ரி' என்னும் இருவழக்கின் மொழிபெயர்ப்பே. அது பொருள் மயக்கம் தராததால் பெரும் பிழையன்று. மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர்கள் இதற்குச் செலவிடும் கடுமையைச் 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்பதன்மேல் செலுத்தலாம்.

இருபக்கப் பாடநூலும் மூன்றாம் மொழியும்

ஏ. எச். ஆர்டன் 1873இல் தெலுங்கிற்கும் 1891இல் தமிழிற்கும் படிமுறை இலக்கணங்கள் வெளியிட்டார். ஜி. யு. போப்பின் தமிழ்க் கையேடு 1855இலேயே வந்துவிட்டது. இவை ஆங்கிலேயர் நம் மொழிகளைக் கற்பதற்காக எழுதப்பட்டவை. தமிழ் வடிவத்திற்கு அருகே ஆங்கிலப் பொருளைத் தோராயமாக எழுதுவது அவர்களின் நோக்கிற்குப் போதுமானது. அதே இணைகளைத் தலைகீழாகத் திருப்பி, ஆங்கில வடிவத்திற்கு இதுவே தமிழ் என்று விதிக்கும்போது தோராயம் சட்டமாகிவிடுகிறது. பிற்காலக் கையேடுகளில் நிகழ்ந்தது இதுவே எனத் தோன்றுகிறது.

2020-21 கல்வியாண்டில் ஆந்திர அரசு தொடக்க வகுப்புகளுக்கு ஆங்கிலமும் தெலுங்கும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த பாடநூல்களை வழங்கத் தொடங்கியது. தாய்மொழியை முற்றிலும் விலக்கும் முறையைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை. தெலுங்குச் சிறுவனுக்குப் 'போதுன்னானு', 'போயேவாடு' என்னும் இரண்டும் எதிர்ப்பக்கத்திலேயே கிடைக்கின்றன. நகரியின் தமிழ்ச் சிறுவனுக்கு அப்பக்கம் ஓரளவே தாய்மொழியாகும். 'வந்திருக்கிறான்', 'மூன்று ஆண்டுகளாக' என்று வீட்டிலிருந்து அவன் கொண்டுவரும் இரு கருவிகளுக்கு அந்நூலில் இடமில்லை. எல்லைக்கு இப்பாலுள்ள தமிழ்வழிக் கையேட்டைக் கொடுத்தாலோ தெலுங்கின் இரு கருவிகளும் பறிபோகின்றன.

எல்லாச் சிறுவரும் இரு மொழிகளையும் ஒருபடித்தாக அறிவரோ என்னும் தடை எழலாம். அறியார் என்பதே உண்மை. திருப்பதி நகரின் தெலுங்குச் சிறுவனுக்குத் தமிழ் கடைத்தெரு அளவில் மட்டும் பழக்கமாக இருக்கக்கூடும். ஆனால் இங்கே வேண்டப்படுவது இலக்கியப் புலமையன்று. நாள்தோறும் காதில் விழும் நான்கைந்து வினைவடிவங்களே. குப்பத்தில் 1997இல் தொடங்கப்பெற்ற திராவிடப் பல்கலைக்கழகம் தென்னக மொழிகளை ஒருங்கே பயிலும் நோக்குடையது. 1954 முதல் திருப்பதியில் இயங்கும் திருவேங்கடவன் பல்கலைக்கழகமும் அருகிலேயே உள்ளது. பன்னிரண்டு கட்டங்களை விடுத்து, ஆங்கில வடிவம் ஒன்றிற்கு இரு மொழிகளுள் எது நெருங்கியதோ அதனை மட்டும் எழுதி, எதுவும் நெருங்காத இடத்தை வெற்றிடமாகவே விட்டுவைக்கும் ஒரு சிறு பட்டியலை உருவாக்கப் பெருஞ்செலவு பிடிக்காது. அப்பட்டியலில் 'ஐ ஹேவ் பீன்' என்பதற்கு எதிரே இருக்கும் இடம் தமிழிலும் தெலுங்கிலும் காலியாகவே இருக்கும்.